ஆப்பில் 15 செ.மீ ஸ்னோ, தரையில் ஐஸ் பெலட்: ரொறன்ரோவில் இதை எப்படிக் கணிக்கிறார்கள்?

உப்பு_லொறி (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துப் பிளாசாக்களில் பார்க்கிங் லொட்டில் ஸ்னோ தள்ளுவதும் உப்புப் போடுவதும்தான் நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை எனக்கு வேலை. இரவுக்கு எத்தனை பெடியங்களைக் கூப்பிடுவது, உப்பு எவ்வளவு எடுத்து வைப்பது, பிளேட் பூட்டிய டிரக் முதலில் வெளிக்கிடுவதா உப்பு டிரக் வெளிக்கிடுவதா, எல்லாம் முதல் நாள் பின்னேரமே முடிவெடுக்க வேண்டும். வானிலை அறிக்கையைத் தவிர எனக்குக் கையில் வேறு ஒன்றும் இல்லை.

போன கிழமை போனில் இருக்கிற ஒரு ஆப் இரண்டு நாளாக 15 செ.மீ என்று காட்டிக்கொண்டே இருந்தது. இன்னொன்று 6 செ.மீ என்றது. ரேடியோவில் ஸ்னோ, ஐஸ் பெலட் (சின்னச் சின்ன ஐஸ் உருண்டை), உறைமழை (பட்ட இடத்தில் உறைகிற மழை) மூன்றும் கலந்து வரும் என்றார்கள். கடைசியில் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் ஸ்னோ, பிறகு விடியும் வரை ஐஸ் பெலட். உயரம் 4 செ.மீ கூட வராது, ஆனால் ஈர மணல் மாதிரி இறுகிப்போய்க் கிடந்தது, பிளேட்டை இறக்கினால் டிரக் திணறியது. அதே நேரம் மார்க்கத்துக்கு வடக்கே இருக்கிற லொட்டில் நல்ல ஸ்னோ, லேக் பக்கம் கிங்ஸ்ரன் ரோட்டில் வெறும் மழை. இரண்டுக்கும் நடுவில் காரில் அரை மணித்தியால ஓட்டம்தான்.

என்னுடைய கேள்வி இதுதான். ஸ்னோவா, உறைமழையா, மழையா என்று இவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? ஆப்புக்கு ஆப்பு ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு நண்பர் 540 கோட்டைப் பார், அதற்கு வடக்கே இருந்தால் ஸ்னோ என்றார். அது சரியா? என்னைப் போல ஆள் தானாகப் பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடிய படம், அட்டவணை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். நேரம் எடுத்துப் படிக்க நான் தயார்.

---

மேகம்77 (வாட்டர்லூ)

அண்ணா, நான் இந்தத் துறையில் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். தரையில் நாம் பார்க்கிற வெப்பநிலை மட்டும் எதையும் முடிவு செய்வதில்லை. நம் ஊரில் குளிர்காலத்தில் விழுகிற மழையும் பெரும்பாலும் மேலே ஸ்னோவாகத்தான் தொடங்குகிறது. அது கீழே வருகிற வழியில் என்னென்ன வெப்பநிலையுள்ள அடுக்குகளைத் தாண்டுகிறது என்பதுதான் கேள்வி. புயல் தெற்கே இருந்து வரும்போது தரையை ஒட்டிக் குளிர்காற்று தங்கிவிடும், அதற்கு மேலே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடான காற்று வந்து நுழையும், அதற்கும் மேலே மறுபடி குளிர். நடுவில் இருக்கிற அந்தச் சூடான அடுக்குதான் எல்லாத் தலைவலிக்கும் காரணம்.

அந்த அடுக்கின் உச்ச வெப்பநிலை 1 டிகிரிக்குள் இருந்தால் ஸ்னோ பெரும்பாலும் ஸ்னோவாகவே தப்பித்து வந்துவிடும். 1 முதல் 3 டிகிரி வரை என்றால் பாதி உருகும், நடுவில் ஒரு சிறு ஐஸ் மிச்சம் இருக்கும், கீழே குளிர் அடுக்குக்கு வந்ததும் அந்த மிச்ச ஐஸைப் பிடித்துக்கொண்டு முழுவதும் மறுபடி உறையும், அதுதான் உங்கள் ஐஸ் பெலட். 3 டிகிரிக்கு மேல் போனால் முழுக்க உருகித் தண்ணீராகிவிடும். அப்புறம் கீழே தரையருகே மைனஸ் 2, 3 இருந்தாலும் அந்தத் துளி காற்றில் உறையாது, ஏனென்றால் உறையத் தொடங்க அதற்குள் பிடிமானம் எதுவும் இல்லை. தரை, மரக்கிளை, மின்கம்பி எதிலாவது பட்டவுடன் உறைகிறது. அது உறைமழை. இதை மேலிருந்து கீழே பார்க்கும் முறை என்பார்கள். வானிலையாளர்கள் இன்றும் மனதுக்குள் முதலில் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான்.

இப்போது 540 கோட்டுக்கு வருகிறேன். காற்றழுத்தம் 1000 மில்லிபாராக இருக்கும் உயரத்துக்கும் (ஏறக்குறைய தரை மட்டம்) 500 மில்லிபாராகக் குறையும் உயரத்துக்கும் இடையில் உள்ள காற்று எத்தனை மீட்டர் தடிமன் என்று பார்ப்பது அது. சூடான காற்று விரியும், குளிர்ந்த காற்று சுருங்கும், ஆகவே தடிமனைப் பார்த்தால் அந்த அடுக்கின் சராசரி வெப்பநிலை தெரிந்துவிடும். 540 என்றால் 5,400 மீட்டர், அதாவது சராசரி ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரி. உங்கள் நண்பர் சொன்னது தப்பில்லை, ஆனால் அது ஐந்தரைக் கிலோமீட்டருக்கு ஒரே சராசரி. நடுவில் 500 மீட்டர் தடிமனில் பிளஸ் 3 டிகிரி காற்று ஒளிந்திருந்தாலும் சராசரி அதைக் காட்டாது. நீங்கள் 540-க்கு வடக்கே நின்றுகொண்டே உறைமழையில் நனையலாம்.

அதனால்தான் அந்தத் தடிமனைத் துண்டு போட்டுப் பார்க்கிறார்கள். 850-க்கும் 700 மில்லிபாருக்கும் இடையே (ஏறக்குறைய ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் உயரம்) தடிமன் 1,540 மீட்டரைத் தாண்டினால் மேலே சூடான அடுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். 1000-க்கும் 850-க்கும் இடையே 1,290-க்குக் குறைவாக இருந்தால் கீழே குளிர் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் என்றால் ஐஸ் பெலட் அல்லது உறைமழை. இது பழைய முறைதான், இருந்தாலும் ஒரு வரைபடத்தில் இரண்டு கோடுகளைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இதற்கு அடுத்த படி கனடாவிலேயே உருவானது. பியேர் பூர்குவான் என்பவர் 2000-இல் வெளியிட்ட முறை. உச்ச வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது, அந்தச் சூடான அடுக்கு எவ்வளவு தடிமன் என்பதும் முக்கியம் என்பது அவர் வாதம். வானிலைப் பலூன் மேலே போகப் போக அளந்து அனுப்புகிற வெப்பநிலையைத் தெஃபிகிராம் என்ற வரைபடத்தில் போட்டால், பூச்சியக் கோட்டுக்கு ஒரு பக்கம் உருக்கும் பரப்பு, மறுபக்கம் மறுபடி உறையவைக்கும் பரப்பு என்று இரண்டு கிடைக்கும். பரப்பு என்பது இங்கே சக்தி, ஒரு கிலோவுக்கு இத்தனை ஜூல் என்று கணக்கு. தரையை ஒட்டியே சூடான அடுக்கு என்றால் உருக்கும் பரப்பு 5.6-க்குக் கீழே ஸ்னோ, 13.2-க்கு மேலே மழை, நடுவில் இரண்டும் கலந்தது. சூடான அடுக்கு மேலே இருந்தால் இரண்டு பரப்புகளையும் ஒப்பிட்டு, உறையவைக்கும் பரப்பு ஜெயித்தால் ஐஸ் பெலட், தோற்றால் உறைமழை. ரொம்ப அழகான முறை, எனக்கு மிகவும் பிடித்தது. கணினி மாதிரிகளுக்குள் (வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்கிற நிரல்கள்) இதையும் இதுபோன்ற வேறு சில முறைகளையும் போட்டுத்தான் மழை வகையைச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, ஈரக்குமிழ் வெப்பநிலை. வெளியே 3 டிகிரி, காற்று ரொம்ப வறட்சி, பனிப்புள்ளி (காற்றில் உள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 டிகிரிதானே, மழைதான் என்று தோன்றும். ஆனால் மேலிருந்து விழுவது அந்த வறண்ட காற்றில் ஆவியாகி ஆவியாகிக் காற்றையே குளிர்விக்கும், கடைசியில் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போய் நிற்கும், அப்படி நிற்கிற அளவுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. ஒரு மணி நேரத்தில் ஸ்னோ. காலையில் வெப்பநிலையோடு பனிப்புள்ளியையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் உங்கள் தொழிலுக்கு மிகவும் உதவும். அதற்கு எந்தச் செலவும் இல்லை, விமான நிலைய அறிக்கையிலேயே இரண்டும் இருக்கும்.

கிங்ஸ்டன் ரோட்டில் ஏன் மழை என்றால், ஒன்டாரியோ ஏரி. டிசம்பரில் ஏரித் தண்ணீர் இன்னும் 4, 5 டிகிரி இருக்கும். கிழக்குக் காற்று அதன் மேலாக வந்தால் கரையோரம் ஒன்றிரண்டு டிகிரி கூடும். மார்க்கத்துக்குப் போவதற்குள் அந்தச் சூடு தேய்ந்துவிடும். எல்லை ஒரு டிகிரியில் இருக்கும்போது அந்த இரண்டு டிகிரி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

---

மொன்றியல்_மாமா

தம்பி மேகம் நல்லாக விளங்கப்படுத்தியிருக்கிறார். அவர் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது, அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் 1998 ஜனவரியை நான் மொன்றியலில் இருந்து பார்த்தவன்.

உறைமழை பொதுவாகத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும், அந்த வெப்பம் தரையருகே இருக்கிற குளிர்காற்றைச் சூடாக்கும், சில மணித்தியாலங்களில் பூச்சியத்தைத் தொட்டு வெறும் மழையாகிவிடும். பெரும்பாலான உறைமழை அப்படித்தான் முடிகிறது. அப்படி முடியாமல் நீள வேண்டுமென்றால் கீழே புதிதாகக் குளிர்காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். 1998-இல் நடந்தது அதுதான். வடக்கே ஒரு பெரிய உயரழுத்தம் அசையாமல் இருந்தது, சென். லோரன்ஸ் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்குக் காற்று குளிரைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருந்தது, மேலே மெக்சிக்கோ வளைகுடாவில் இருந்து ஈரமும் சூடும் நிற்காமல் வந்தது. 5-ஆம் தேதியில் இருந்து 10-ஆம் தேதி வரை விட்டுவிட்டு, மொத்தமாக 80 மணித்தியாலத்துக்கு மேல். மொன்றியல் பகுதியில் சில இடங்களில் 100 மி.மீ வரை. மின்சார உருக்குக் கோபுரங்கள் வரிசையாக மடிந்து விழுந்தன, கியூபெக், ஒன்ராறியோ, அமெரிக்கப் பக்கம் எல்லாம் சேர்த்து 40 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மின்சாரம் இல்லை. சென் இயசென்த், கிரான்பி, சென் ஜோன் சுர் ரிஷெலியூ மூன்றுக்கும் நடுவே கிடந்த இடத்தைக் கறுப்பு முக்கோணம் என்றே சொன்னார்கள், அங்கே சில வீடுகளுக்கு வாரக்கணக்கில் வெளிச்சம் வரவில்லை. இரவில் மரக்கிளை முறிகிற சத்தம் துவக்குச் சூடு போலவே கேட்கும். ஊரில் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்துவிட்டு வந்த எங்கள் சனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் வயதான அம்மாக்கள் பலர் அந்தக் கிழமை படுக்கவே இல்லை.

உங்கள் ரொறன்ரோவில் 2013 டிசம்பர் 21, 22 கூட இதே குணம்தான், அளவு குறைவு. அங்கே மட்டும் சுமார் 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, நத்தாரைப் பலர் இருட்டில் கழித்தார்கள்.

ஆகவே தம்பி உப்பு_லொறி, உறைமழை என்று அறிக்கை வந்தால் இது எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று பார்க்க ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். தரைக் காற்று எந்தப் பக்கத்தில் இருந்து? வடக்கு, வடகிழக்கில் இருந்து வறண்ட காற்று தொடர்ந்து வந்தால் அது லேசில் விடாது. தெற்குக்குத் திரும்பினால் மழையாக மாறி முடிந்துவிடும்.

---

மேகம்77

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. இதன் மறுபக்கமும் உண்டு. உருகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 10 மி.மீ தண்ணீர் அளவு ஸ்னோ 500 மீட்டர் தடிமன் காற்றில் உருகினால் அந்தக் காற்று ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ந்துவிடும். மார்ச், ஏப்ரலில் நல்ல கனமாக மழை பெய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஸ்னோவாக மாறுவது இதனால்தான். எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதே எது பெய்கிறது என்பதை மாற்றும். கணினி மாதிரியானது மழையின் வேகத்தைத் தவறாகக் கணித்தால் வகையும் சேர்ந்து தவறிப்போகும்.

---

உப்பு_லொறி

மிக்க நன்றி அண்ணன்மாரே. காற்றுத் திசை விஷயம் எனக்கு உடனே பிடிபட்டது. மாமா, அந்தக் காலத்தில் உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் தப்பியது பெரிய விஷயம்.

ஆனால் செ.மீ கணக்கு இன்னும் விளங்கவில்லை. 15 என்று சொன்ன ஆப் எதை எண்ணி 15 என்றது? எனக்கு ஒப்பந்தம் செ.மீ கணக்கில்தான். 5 செ.மீ தாண்டினால் ஒரு தரம் தள்ள வேண்டும், அப்படி.

---

பனிக்கணக்கு (மிசிசாகா)

இதை நான் சொல்கிறேன், விமான நிலையத்தில் ரன்வே சுத்தம் செய்யும் பக்கம் வேலை, தினமும் இதே தொல்லை.

கணினி மாதிரிகள் முதலில் கணிப்பது தண்ணீரின் அளவை, மில்லிமீட்டரில். அதை ஸ்னோ உயரமாக மாற்ற ஒரு விகிதம் வேண்டும். பழைய வழக்கம் பத்துக்கு ஒன்று, 1 மி.மீ தண்ணீர் என்றால் 1 செ.மீ ஸ்னோ. பல ஆப்களும் இணையப் படங்களும் இன்னும் இதையே கண்ணை மூடிக்கொண்டு போடுகின்றன. அதைவிட மோசம், சில படங்களில் ஐஸ் பெலட்டையும் ஸ்னோவோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். உங்கள் கதையைப் பாருங்கள். 15 மி.மீ தண்ணீர் என்று கணித்திருக்கும், பத்தால் பெருக்கி 15 செ.மீ என்று எழுதிவிட்டது. ஐஸ் பெலட்டுக்கு விகிதம் இரண்டு, மூன்றுதான். 15 மி.மீ தண்ணீர் ஐஸ் பெலட்டாக விழுந்தால் 3, 4 செ.மீ. நீங்கள் அளந்ததும் அதுதானே? தண்ணீரின் அளவு சரியாகவே கணிக்கப்பட்டிருக்க வாய்ப்பு நிறைய. வகைதான் தவறியது. உங்கள் பிளேட் அசையாததற்கும் அதுவே காரணம், 15 செ.மீ ஸ்னோவின் எடை முழுவதும் 4 செ.மீ-க்குள் இருந்தது.

பத்துக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக குச்சேரா என்ற முறையை இப்போது நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். தரையில் இருந்து நடு வளிமண்டலம் வரை எங்கே அதிகச் சூடு என்று பார்த்து அதை வைத்து விகிதம். அந்த அதிகபட்சம் மைனஸ் 2 என்றால் 12, பூச்சியம் என்றால் 8, மைனஸ் 8 என்றால் 18. எளிய சூத்திரம், குளிர் கூடக் கூட ஸ்னோ பஞ்சாகும் என்ற நம் அனுபவத்தோடு ஒத்துப்போகும். ஆனால் மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்று அது பார்ப்பதில்லை. மைனஸ் 12-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில்தான் ஆறு கிளை விரிந்த பெரிய பனிப்பூக்கள் வேகமாக வளரும். மேகத்தில் காற்று வேகமாக மேலே ஏறும் இடம் சரியாக அந்த வெப்பநிலையில் அமைந்தால் விகிதம் 20-க்கு மேலும் போகும். அமையாவிட்டால் அதே தண்ணீருக்கு ஊசி ஊசியாகச் சின்னத் துகள்கள், 8, 9. காற்று பலமாக இருந்தால் பூக்கள் உடைந்து இன்னும் நெருக்கமாகப் படியும். அதனால் விகிதத்தை நான் ஒருபோதும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்வதில்லை, குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டு எண்கள்.

அடுத்து, ஒரே மாதிரியின் ஒரே ஓட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றிப் பலமுறை ஓட்டுகிற தொகுப்புக் கணிப்பு இருக்கிறது. கனடாவினுடையதில் 21 ஓட்டங்கள், ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தினுடையதில் 51, ஒவ்வொரு ஓட்டத்தையும் ஓர் உறுப்பு என்பார்கள். இவற்றின் சராசரியைப் பார்ப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. பாதி உறுப்புகள் 20 செ.மீ என்றும், மீதிப் பாதி எல்லாம் மழை, 0 செ.மீ என்றும் சொன்னால் சராசரி 10 என்று வரும். அந்த 10-ஐ எந்த உறுப்பும் சொல்லவில்லை! புயலின் பாதை 50 கிலோமீட்டர் வடக்கே போனால் ஒரு கதை, தெற்கே போனால் இன்னொரு கதை, நடுவில் ஒன்றும் இல்லை. உங்கள் ஒப்பந்தத்துக்குத் தேவையான கேள்வி 5 செ.மீ-ஐத் தாண்ட எத்தனை சதவீத வாய்ப்பு என்பதுதான். தொகுப்பு அதற்கு நேரடியாகவே பதில் சொல்லும்.

---

நெடுஞ்சாலை400 (பாரி)

நான் பாரியில் இருந்து தினமும் 400 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்குபவன். இங்கே மேலே நீங்கள் எழுதிய எதுவும் அவ்வளவு உதவாது, எங்களுக்கு ஏரி ஸ்னோதான் (ஏரிக்கு மேலாக ஓடி வருகிற குளிர்காற்று கொட்டுவது) பிரச்சினை. காலையில் பாரியில் கண் தெரியாத அளவுக்குக் கொட்டும், பத்து நிமிடம் தெற்கே வந்தால் வெயில் அடிக்கும். இதை எப்படிக் கணிக்கிறார்கள்?

---

மேகம்77

அங்கே வகை பிரச்சினையே இல்லை, ஸ்னோதான். எங்கே என்பதுதான் பிரச்சினை. ஏரியின் மேற்பரப்புக்கும் 850 மில்லிபாருக்கும், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கும், வெப்பநிலை வித்தியாசம் 13 டிகிரியாவது இருக்க வேண்டும். இது முதல் சோதனை. அப்புறம் காற்று ஏரிக்கு மேலே எவ்வளவு தூரம் ஓடி வருகிறது, தரையிலும் மேலேயும் காற்று ஒரே திசையில் இருக்கிறதா, மேகம் எவ்வளவு உயரம் வளர இடம் இருக்கிறது, ஏரி உறைந்துவிட்டதா. திசை 10 டிகிரி மாறினால் அந்தக் குறுகிய பட்டை பாரியை விட்டு வேறு ஊருக்குப் போய்விடும். 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் பக்கம் 2 மீட்டர் கொட்டியது, பஃபலோவின் வடக்கே அதில் ஒரு சிறு பங்குதான். இதற்குப் பெரிய மாதிரிகள் உதவாது. 2.5 கிலோமீட்டர் கட்டம் உள்ள கனடா மாதிரி, அமெரிக்கர்களின் 3 கிலோமீட்டர் மாதிரி இரண்டும் பட்டையின் வடிவத்தை ஓரளவு காட்டும், இடத்தை இன்னும் சில கிலோமீட்டர் தள்ளித்தான் காட்டும். முதல் நாள் இரவு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, காலையில் வண்டி எடுக்கும் முன் ரேடாரைப் பார்ப்பதுதான் வழி.

---

சின்னக்குளிர்

இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்துவிட்டனவே, அவை இதையெல்லாம் சரிசெய்துவிடாதா?

---

மேகம்77

புயல் எந்தப் பாதையில் போகும் என்பதில் அவை உண்மையிலேயே நன்றாகச் செய்கின்றன, ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் தன்னுடையதை அன்றாடச் சேவையாகவே தொடங்கிவிட்டது. ஆனால் அவற்றில் பலவும் ஏறக்குறைய 25, 30 கிலோமீட்டர் கட்டத்தில், உயரத்தில் 13 மட்டங்களை மட்டும் வைத்துப் பழகியவை. 850-க்கு அடுத்த மட்டம் 700 என்றால் நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளி, நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிற மெல்லிய சூடான அடுக்கு அதற்குள் புகுந்தால் மாதிரிக்குத் தெரியவே தெரியாது. ஐந்து நாளுக்கு முன் புயல் வருமா என்பதற்கு அவற்றை நம்பலாம், உறைமழையா ஐஸ் பெலட்டா என்பதற்கு இன்னும் இல்லை.

---

பனிக்கணக்கு

உப்பு_லொறி அண்ணா, கடைசி ஆறு மணி நேரத்தில் என்ன பார்ப்பது என்று யாரும் எழுதவில்லை, உங்களுக்கு அதுதானே பணம்.

பஃபலோவில் இருந்து தினமும் இரண்டு முறை பலூன் விடுகிறார்கள், குளிர்கால நேரப்படி காலை 7, மாலை 7. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அதுதான். அந்த வரைபடம் இணையத்தில் இலவசம். வெப்பநிலைக் கோடு பூச்சியத்தைத் தாண்டி வலப்பக்கம் எங்காவது வெளியே வருகிறதா என்று மட்டும் பாருங்கள். சூடான காற்று தெற்கே இருந்து வருவதால் பஃபலோவில் முதலில் தெரியும், நம்மை வந்தடைய இன்னும் சில மணி நேரம் இருக்கும். மாதிரி 1 டிகிரி என்று சொன்ன இடத்தில் பலூன் 3 டிகிரி காட்டினால் ஸ்னோவை மறந்துவிட்டு உப்பை ஏற்றுங்கள்.

அப்புறம் ரேடார். ரொறன்ரோவுக்கு வடக்கே கிங் சிட்டியில் இருக்கிற ரேடார் கிடையாகவும் செங்குத்தாகவும் இரண்டு அலைகளை அனுப்புகிறது. எல்லாம் ஒரே வகைத் துகள் என்றால் இரண்டும் ஒத்துப்போகும், ஒத்திசைவு 1-ஐ ஒட்டி இருக்கும். ஸ்னோ உருகுகிற உயரத்தில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் என்று கலந்து கிடப்பதால் அது 0.9-ஐ ஒட்டியோ இன்னும் கீழேயோ இறங்கும். அந்த இறக்கம் ரேடாரைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். வளையம் சுருங்கிக்கொண்டே வந்தால் உருகும் அடுக்கு கீழே இறங்குகிறது, அதாவது மழை ஸ்னோவாக மாறப்போகிறது. எல்லா இணையதளங்களும் இந்தப் படத்தைத் தருவதில்லை, அமெரிக்கப் பக்கத்தில் பஃபலோ ரேடாருக்கு எளிதாகக் கிடைக்கும்.

சூடான அடுக்கே இல்லாமல் வழுக்குகிற வகை ஒன்று இருக்கிறது, அதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மேகத்தின் உச்சி மைனஸ் 10-ஐ விடச் சூடாக இருந்தால் அதற்குள் ஐஸ் படிகமே உருவாகாமல் போகலாம். பூச்சியத்துக்குக் கீழே இருந்தும் தண்ணீராகவே இருக்கிற மிகச் சின்னத் துளிகள் தூறலாக இறங்கும். ரேடாரில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, ஆப்பில் வெறும் மேகமூட்டம் என்று இருக்கும், லொட் முழுவதும் கண்ணாடியாகிக் கிடக்கும். ஒரு ஸ்னோ புயல் முடிந்து மேலே வறண்ட காற்று நுழையும்போதுதான் இது அதிகம் வரும், ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு. செயற்கைக்கோள் படத்தில் மேக உச்சி வெப்பநிலையைப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

காற்றின் வெப்பநிலையை விடத் தரையின் வெப்பநிலை உங்களுக்கு முக்கியம். ஒரு கிழமை மைனஸ் 15-இல் கிடந்த தார் மேல் பிளஸ் 1-இல் மழை பெய்தாலும் முதல் ஒரு மணி நேரம் உறையும். சாதாரணப் பாறை உப்பு மைனஸ் 9, 10-க்குக் கீழே போனால் வேலை செய்வது மிகவும் குறைந்துவிடும். முதலில் மழையாகத் தொடங்கும் என்று தெரிந்தால் முன்கூட்டி உப்புத் தண்ணீர் அடிக்காதீர்கள், கழுவிக்கொண்டு போய்விடும்.

---

உப்பு_லொறி

இவ்வளவையும் எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பஃபலோ பலூன் படத்தை இப்போதே திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே மைனஸ் 4, மேலே ஒரு இடத்தில் பூச்சியக் கோட்டைத் தாண்டி 2 பாகை வரை வெளியே வருகிறது, 850-க்குக் கொஞ்சம் மேலே. நாளை விடிய வருகிறதற்கு ஆப் 8 செ.மீ ஸ்னோ என்கிறது. தரைக் காற்று கிழக்கில் இருந்து. மேகம் தம்பி சொன்ன கணக்குப்படி இது ஐஸ் பெலட் பக்கம் என்று நினைக்கிறேன், சரியா?

---

மேகம்77

சரிதான் அண்ணா, ஐஸ் பெலட்தான் முதலில் மனதில் வர வேண்டும். காற்று கிழக்கு என்பதால் கிங்ஸ்டன் ரோட்டு லொட்டுகளில் அது மழையாகலாம், மார்க்கத்தில் தொடக்கத்தில் ஓரிரு செ.மீ ஸ்னோ விழலாம். அந்த 2 டிகிரி இரவில் கூடுகிறதா என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது. அடுத்த பலூனுக்கு நேரம் இல்லை, அதனால் இரவு 11 மணிக்கு மேல் ஹாமில்டன், செயின்ட் கேத்தரின்ஸ் விமான நிலைய அறிக்கைகளைப் பாருங்கள், அங்கே ஐஸ் பெலட் உறைமழையாக மாறிவிட்டது என்று வந்தால் உங்களுக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. உப்பு டிரக்கை முதலில் கிளப்புங்கள்.